தட்டைப்பயற்றைத் தின்னும் ஐந்து பூச்சிகள்: மேற்கு ஆப்பிரிக்காவின் அரை நூற்றாண்டு அனுபவம்

நாம் தட்டைப்பயறு என்றும் காராமணி என்றும், இலங்கையில் கௌபி என்றும் சொல்லும் பயற்றின் தாயகம் ஆப்பிரிக்கா. உலகில் விளைவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்றும் அந்தக் கண்டத்தில்தான் விளைகிறது. அதிலும் நைஜீரியா, நைஜர், புர்கினா ஃபாசோ என்ற மூன்று நாடுகளின் பங்கே மிகப் பெரியது. ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, நம் வடையைப் போல எண்ணெயில் பொரித்தால் அது அக்கரா. அதே மாவை ஆவியில் வேகவைத்தால் மொய்ன் மொய்ன். அரிசியோடு சேர்த்து வேகவைத்தால் கானாவின் வாச்சே. இறைச்சி தினமும் வாங்க முடியாத வீடுகளில் புரதம் இந்தப் பயற்றின் வழியாகவே வருகிறது. எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். அறுவடைக்குப் பின் கொடியும் இலையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாகின்றன.

இவ்வளவு வேண்டப்பட்ட பயிர், ஆராய்ச்சிப் பண்ணையில் ஹெக்டேருக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் வரை தருகிறது. உழவர் நிலத்திலோ பெரும்பாலும் அரை டன் அளவிலேயே நின்றுவிடுகிறது. மழை பொய்ப்பதும் மண் வளம் குன்றியதும் வேரில் ஒட்டி வாழும் களையும் இதற்குக் காரணங்கள்தாம். ஆனால் பூச்சிகளுக்குப் பின்னால்தான் அவை நிற்கின்றன. பாதுகாப்பு ஏதும் செய்யாமல் விட்ட வயலில் செடி செழித்து நின்றும் காய் பறிக்க எதுவும் இல்லாமல் போவது அங்கே புதிய செய்தி அல்ல. தட்டைப்பயற்றுக்கான உலகப் பொறுப்பை ஏற்றிருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் 1967-இல் நைஜீரியாவின் இபாதான் நகரில் தொடங்கப்பட்டது. அன்று முதல் இன்றுவரை இந்தப் பூச்சிகளைச் சமாளிக்க அங்கே முயன்று பார்க்காத வழி இல்லை. எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பயிருக்கு எதிரி ஒன்றல்ல, வரிசையாக வருகிறது. நாற்றுப் பருவத்திலேயே கறுப்பு அசுவினி தளிரிலும் தண்டிலும் மொய்க்கிறது. ஆணின் துணை இல்லாமலே குட்டி போட்டுப் பெருகக்கூடியது என்பதால் வறண்ட வாரம் ஒன்று போதும், செடி முழுவதும் கறுத்துவிடும். சாற்றை உறிஞ்சுவதோடு தேமல் நோய் வைரஸையும் செடிக்குச் செடி கொண்டுசேர்க்கிறது. அடுத்து, மொட்டு விடும்போது இலைப்பேன். கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்தச் சிறு பூச்சி மொட்டுக்குள் புகுந்து சுரண்டுகிறது. மொட்டு பழுப்பேறி உதிர்கிறது. செடி பச்சையாகவே நிற்கும், பூ மட்டும் வராது. உழவர் பலகாலம் இதை மண்ணின் குறை என்றும் மழையின் குறை என்றும் எண்ணிவந்தார்கள்.

மூன்றாவது, புள்ளிக் காய்ப்புழு. மருக்கா என்ற அறிவியல் பெயராலேயே மேற்கு ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். இரவில் பறக்கும் அந்துப்பூச்சி மொட்டிலும் பூவிலும் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு பூக்களை நூலால் பிணைத்து அதற்குள் இருந்து தின்கிறது. பிறகு காயைத் துளைத்து உள்ளே போகிறது. துளையின் வாயில் கழிவு அடைத்து நிற்பதைக் கண்டால் உள்ளே புழு இருக்கிறது என்று அறியலாம். மோசமான பருவத்தில் விளைச்சலின் ஐந்தில் நான்கு பங்கை இது ஒன்றே அழித்துவிடும். நான்காவது, காய் நாவாய்ப்பூச்சி. பச்சைக் காயில் ஊசி போன்ற வாயைக் குத்தி வளரும் பயற்றின் சாற்றை உறிஞ்சுகிறது. காய் பார்வைக்கு முழுதாக இருக்கும். உடைத்தால் உள்ளே சுருங்கிய பதர். இவை எல்லாவற்றையும் தாண்டி வீட்டுக்கு வந்த பயற்றுக்காகக் காத்திருப்பது ஐந்தாவது எதிரியான பயறு வண்டு.

ஐந்தும் ஐந்து விதமாக வாழ்கின்றன. ஒன்று திறந்த வெளியில் கூட்டமாக, ஒன்று மொட்டுக்குள், ஒன்று காய்க்குள், ஒன்று செடிக்குச் செடி பறந்து, ஒன்று பயற்றின் உள்ளேயே. ஒரே மருந்தால் இத்தனையையும் அடக்கிவிடலாம் என்ற எண்ணம்தான் முதல் இருபது ஆண்டுகளின் பெரும் பிழை என்று கருதுகிறேன்.

அந்த எண்ணம் எழுந்ததற்குக் காரணம் இருந்தது. பூ மொட்டு விடும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று, காய் பிடிக்கும்போது ஒன்று என இரண்டு மூன்று தெளிப்புகளைச் சரியான நேரத்தில் கொடுத்தால் ஆராய்ச்சிப் பண்ணையில் விளைச்சல் பல மடங்கு கூடியது. அது உண்மை. ஆனால் அந்தச் சரியான நேரத்தை அறிய வயலில் இறங்கி மொட்டைப் பிரித்துப் பூச்சியை எண்ண வேண்டும். சரியான மருந்து அருகில் கிடைக்க வேண்டும். முகக்கவசமும் நல்ல கைத்தெளிப்பானும் வேண்டும். சஹாராவின் தெற்கு விளிம்பில் உள்ள சாஹேல் பகுதியின் கிராமங்களில் இவற்றில் ஒன்றுகூட உறுதியாகக் கிடைத்ததில்லை. கிடைத்தது பருத்திக்காக வந்த மருந்து. பருத்திக் கழகங்கள் கடனுக்குக் கொடுத்த டப்பாக்களில் மீந்ததை உழவர் பயற்றுக்கு அடித்தார்கள். பிணைந்த பூவுக்குள் இருக்கும் புழுவுக்கு அது எட்டவில்லை. வெளியே திரிந்த பொறிவண்டும் குளவியும் செத்தன. பலன் தெரியாதபோது இன்னொரு முறை அடித்தார்கள். ஒரு பருவத்துக்கு ஆறு, எட்டு தெளிப்புகள் என்பது வட நைஜீரியாவில் வழக்கமாகிப்போனது.

இதன் விலையை மனிதர்களும் கொடுத்தார்கள். வட பெனினில் பருத்திக்கு வழங்கப்பட்ட எண்டோசல்பானால் 1999, 2000-ஆம் ஆண்டுகளில் பலர் உயிரிழந்தனர்; உணவில் கலந்த நஞ்சால் இறந்தவர்களும் அவர்களில் உண்டு. கேரளத்தில் அதே மருந்தால் பாதிக்கப்பட்ட காசர்கோட்டின் கதையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயலோடும் இது நிற்கவில்லை. சேமிப்புக் கிடங்கில் வண்டைக் கொல்ல வியாபாரிகள் டைக்குளோர்வாஸ் என்ற திரவ நஞ்சைப் பயற்றின் மேலேயே தெளித்தார்கள். ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பைப் பல மடங்கு தாண்டிய எச்சம் இருப்பதைக் கண்ட ஐரோப்பிய ஒன்றியம், 2015-இல் நைஜீரியாவின் உலர் பயற்றுக்குத் தடை விதித்தது. தடை ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஏற்றுமதி போனதைப் பற்றித்தான் செய்திகள் பேசின. அதே பயற்றை உள்ளூரில் தினமும் வேகவைத்துச் சாப்பிட்ட குழந்தைகளைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. உண்மையில் முதலில் எழுந்திருக்க வேண்டிய பேச்சு அதுதான்.

மருந்தில்லாமல் வயலையே மாற்றிப் பார்க்கும் வழிகள் பழையவை. சோளத்தோடும் கம்போடும் ஊடுபயிராக விதைப்பது அங்கே தொன்றுதொட்ட வழக்கம். இதில் இலைப்பேன் குறைவது ஆய்வில் தெரிந்தது. காய்ப்புழுவுக்கு அந்த நிழல் இடைஞ்சலாக இல்லை. அறுபது நாளில் முதிரும் ரகங்களை இபாதான் நிலையம் உருவாக்கியது. பூச்சி பெருகுவதற்குள் காய் முதிர்ந்துவிடுவதால் பின்பருவப் பெருக்கத்திலிருந்து ஓரளவு தப்பலாம். பயனுள்ள வழிகள்தாம், ஆனால் தனியே போதாதவை.

வேம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து கானாவுக்குப் போய், அங்கிருந்து சாஹேல் முழுவதும் பரவிய மரம் அது. நிழலுக்கும் விறகுக்கும் நட்டார்கள். ஹவுஸா மொழியில் அதற்கு டோகோன் யாரோ என்று பெயர். நம் ஊரில் 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 100 லிட்டர் நீரில் ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கும் அதே முறை அங்கேயும் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் மூலம் பரவியது. பப்பாளி இலைச் சாற்றையும் முயன்றார்கள். அசுவினி, இலைப்பேன், இளம் புழு ஆகியவற்றின் மேல் வேம்பு வேலை செய்கிறது. பூச்சியின் வளர்ச்சியையும் தீனியையும் கெடுக்கிறது. ஆனால் வெயிலில் அதன் வீரியம் சில நாட்களில் போய்விடும், மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும். ஆகவே திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்குச் சில நூறு லிட்டர் நீர் தேவை. கிணறு தொலைவில் இருக்கும் ஊரில் அந்த நீரைச் சுமப்பவர்கள் பெண்கள். கொட்டையைப் பொறுக்குபவர்களும் இடிப்பவர்களும் அவர்களே. செலவில்லாத மருந்து என்று அதைப் பாராட்டி எழுதும் அறிக்கைகள் இந்த உழைப்பைச் செலவாகக் கணக்கிடுவதில்லை. வேம்பு பரவாமல் நின்றதற்கு உழவரின் அறியாமையைக் காரணம் சொல்வது அநியாயம்.

இயற்கை எதிரிகளைக் கொண்டு பூச்சியை அடக்கும் வழியில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பெருமைப்படத்தக்க முன்னோடி ஒன்று உண்டு. மரவள்ளியை அழித்துக்கொண்டிருந்த மாவுப்பூச்சியைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு குளவி அடக்கியது. 1981-இல் நைஜீரியாவில் தொடங்கிய அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். காய்ப்புழுவுக்கும் அதே கேள்வியைக் கேட்டார்கள்: இது இங்கே இவ்வளவு பெருகுகிறதே, இதன் உண்மையான எதிரிகள் எங்கே? காய்ப்புழு ஆசியாவிலிருந்து பரவியிருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றபோது தேடல் தைவான், வியட்நாம் பக்கம் திரும்பியது. அங்கே கிடைத்த ஒட்டுண்ணிக் குளவிகளில் இரண்டை பெனினில் உள்ள ஆய்வு நிலையத்தில் வளர்த்துச் சோதித்து விடுவித்தார்கள். ஒன்று காய்ப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிறது. புழு வளர வளர உள்ளிருந்தே அதைத் தின்று வெளிவருகிறது. மற்றொன்று இளம் புழுவைத் தேடிப் பிடிக்கிறது.

இந்தப் பணியில் என்னை மிகவும் கவர்ந்தது, குளவியை எங்கே விடுவது என்று முடிவு செய்த விதம். காய்ப்புழு வறட்சியில் உறங்கிக் கிடக்கும் பூச்சி அல்ல. சாஹேலில் மழை நின்றதும் அங்கே அதற்கு உணவில்லை. அப்போது கினி வளைகுடாவின் ஈரமான கரையோரத்தில் காட்டுப் பயற்றினச் செடிகளில் அது தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. மழை வடக்கே நகர நகர அந்துப்பூச்சியும் வடக்கே வருகிறது. வடக்கு வயலில் விடும் குளவிக்கு வறட்சியில் இரை கிடைக்காது. கரையோரக் காட்டுச் செடிகளில் விட்டால் புழு புறப்படும் இடத்திலேயே அதைக் குறைக்கலாம். உழவர் எதையும் வாங்க வேண்டியதில்லை, தெளிக்க வேண்டியதில்லை, கற்கக்கூட வேண்டியதில்லை. காய்ப்புழுவை மட்டும் நோயுறச் செய்யும் ஒரு வைரஸையும் தைவானிலிருந்து கொண்டுவந்து வேப்பெண்ணெயோடு கலந்து தெளித்துப் பார்த்திருக்கிறார்கள். தனித்தனியே தெளிப்பதைவிடச் சேர்த்துத் தெளிப்பது நல்ல பலன் தந்தது. குளவியின் பலன் மெதுவாகத்தான் தெரியும், ஆண்டுகள் ஆகும். பணம் தருபவர்கள் கேட்கும் மூன்றாண்டு, ஐந்தாண்டுத் திட்டக் கணக்குக்கு அது பொருந்தி வருவதில்லை என்பது பெரிய குறை.

இன்று அதிகம் பேசப்படுவது மரபணு மாற்றிய பயறு. ஏன் அந்த வழிக்குப் போனார்கள் என்பது எதிர்ப்பவர்களும் அறிய வேண்டிய செய்தி. இபாதான் மரபணு வங்கியில் 15,000-க்கும் மேற்பட்ட தட்டைப்பயற்று வகைகள் உள்ளன. அவற்றில் எதிலும் காய்ப்புழுவைப் போதிய அளவு தாங்கும் தன்மை கிடைக்கவில்லை. அதைத் தாங்கும் காட்டு உறவு இனம் ஒன்று உண்டு. ஆனால் பயிர் இனத்தோடு அது கலப்பதில்லை. ஆகவே மண்ணில் வாழும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியத்தின் மரபணுவைப் புகுத்தும் முயற்சி தொடங்கியது. ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனத்தில் டி. ஜே. ஹிக்கின்ஸ் குழு தட்டைப்பயற்றில் மரபணு புகுத்தும் நம்பகமான முறையை 2006-இல் வெளியிட்டது. நைஜீரியாவில் சாரியாவின் வேளாண் ஆய்வு நிலையம் அதை உள்ளூர் ரகத்துக்கு மாற்றியது. 2019-இல் அரசின் உயிரியல் பாதுகாப்பு அனுமதி கிடைத்தது. சாம்பீ 20-டி என்ற பெயரில் 2021-இல் உழவருக்குப் போனது. கானாவும் 2022-இல் தன் அனுமதியை அளித்தது. எட்டு முறை வரை தெளித்த இடத்தில் இரண்டு முறை போதும் என்பதே இந்த ரகத்தின் பெரிய பயன்.

2010-இல் மரபணு மாற்றிய கத்தரிக்காய் பற்றிய விவாதத்தைக் கண்ட தமிழ் வாசகருக்கு உடனே சந்தேகம் எழுவது இயல்பு. இங்கே சில வேறுபாடுகள் உண்டு. மரபணு உரிமைத்தொகை இல்லாமல் வழங்கப்பட்டது. தட்டைப்பயறு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது என்பதால் உழவர் விதையை எடுத்துவைத்து அடுத்த பருவத்துக்கு விதைக்கலாம். பருத்தியில் நேர்ந்த விதை அடிமைத்தனம் இதில் நேரே பொருந்தாது. ஆனால் கவலைகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். காட்டுத் தட்டைப்பயறு அந்த மண்ணிலேயே வளர்கிறது. தேனீ வழியே சிறிதளவு கலப்பு நடக்கும். அதைவிடப் பெரிய கவலை, ஒரே மரபணுவை நம்பியிருப்பது. காய்ப்புழு அதற்குப் பழகிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழகுவதைத் தள்ளிப்போட ஓரத்தில் சாதாரணப் பயற்றையும் விதைக்க வேண்டும். அரை ஹெக்டேர் உழவரிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்ப்பது கடினம். இரண்டாவது மரபணுவையும் சேர்த்த ரகத்தை விரைந்து தருவதே பாதுகாப்பு. நான் இந்தப் பயிரை வரவேற்கிறேன், அந்த நிபந்தனையோடு. இதில் மறக்கக் கூடாதது இன்னொன்று: இந்த மரபணு காய்ப்புழுவை மட்டுமே கொல்கிறது. அசுவினியும் இலைப்பேனும் நாவாய்ப்பூச்சியும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மீதமிருக்கும் அந்த இரண்டு தெளிப்பு அவற்றுக்காகத்தான்.

வயலை விட்டு வீட்டுக்கு வருவோம். எனக்குத் தெரிந்தவரை இந்த அரை நூற்றாண்டில் முழு வெற்றி என்று தயங்காமல் சொல்லத்தக்கது சேமிப்பில்தான் கிடைத்திருக்கிறது. பயறு வண்டு வயலிலேயே முற்றிய காயில் முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. பயற்றின் தோலில் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும் முட்டையிலிருந்து புழு நேரே பயற்றுக்குள் துளைத்து இறங்கும். வளர்ச்சி முழுவதும் உள்ளேயே. ஏறத்தாழ நான்கு வாரத்தில் வட்டமான ஒரு துளையை வெட்டிக்கொண்டு வண்டு வெளிவருகிறது. சேமிப்பில் அந்த வண்டு எதையும் தின்பதில்லை. துணை சேர்ந்து முட்டையிட்டுச் சில நாளில் செத்துப்போகிறது. ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். நான்கைந்து மாதத்தில் மூட்டை முழுவதும் துளையும் மாவுமாகிவிடும். அந்தப் பயத்தில்தான் உழவர் அறுவடை முடிந்த கையோடு, விலை அடிமட்டத்தில் இருக்கும்போதே விற்றுவந்தார். சில மாதம் கழித்து அதே பயற்றைக் கூடுதல் விலைக்கு அவர் வீடே வாங்கிச் சாப்பிட வேண்டியிருந்தது.

எதிர்ப்பு ரகம் தேடியபோது டிவியு 2027 என்ற வகை 1970-களில் கிடைத்தது. அது வண்டின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தியதே தவிரத் தடுத்துவிடவில்லை. பிறகு 1987-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக் குழு கேமரூனின் வட பகுதியில் வேலை தொடங்கியது. கறுப்பு விரிப்பின் மேல் பயற்றைப் பரப்பித் தெளிவான பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வைத்தார்கள். 57 டிகிரி வெப்பம் ஒரு மணி நேரம் நின்றால் எல்லாப் பருவப் புழுவும் சாகிறது. சாம்பலோடு ஏறத்தாழச் சம அளவில் கலந்து வைக்கும் ஊர் வழக்கத்தையும் அளந்து செம்மைப்படுத்தினார்கள். இவற்றோடு வந்ததுதான் மூன்றடுக்குப் பை. உள்ளே தடித்த பாலித்தீன் பைகள் இரண்டு, வெளியே நெய்த சாக்கு. நன்றாகக் காய்ந்த பயற்றைக் கொட்டி, ஒவ்வொரு பையின் வாயையும் முறுக்கி மடித்து இறுகக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். உள்ளே இருக்கும் புழுக்களே சில நாளில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன.

மூச்சுத் திணறிச் சாகின்றன என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். 2012-இல் அந்தக் குழுவே வேறு விளக்கம் தந்தது. உலர்ந்த பயற்றுக்குள் வாழும் புழுவுக்குத் தண்ணீர் கிடையாது. தின்ற மாவுப்பொருளை ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும்போது உடலுக்குள் உண்டாகும் நீர்தான் அதற்கு ஆதாரம். ஆக்சிஜன் குறைந்தால் அந்த நீரும் நின்றுவிடும். தின்பதை நிறுத்தி, உடல் வறண்டு புழு சாகிறது. நஞ்சு இல்லை, எச்சம் இல்லை. விதைக்கு வைத்த பயறும் முளைக்கிறது. எலி கடிக்காமல் பார்த்துக்கொண்டால் அதே பையை அடுத்த பருவத்துக்கும் பயன்படுத்தலாம். 2007-க்குப் பின் பெரிய நிதியுதவியோடு மேற்கு, நடு ஆப்பிரிக்காவில் பல்லாயிரம் ஊர்களுக்கு இது போனது. அறுவடையின்போது ஊர் முன்னால் பையைக் கட்டிவைத்து, சில மாதம் கழித்து ஊர் முன்னாலேயே அவிழ்த்துக் காட்டினார்கள். சொற்பொழிவு செய்யாததை அந்தப் பை செய்தது. அதோடு பையை உள்நாட்டிலேயே தயாரிக்கவும் சந்தைக் கடையில் விற்கவும் ஏற்பாடு செய்தார்கள். வேம்புக்கும் குளவிக்கும் கிடைக்காத கடைவீதி பைக்குக் கிடைத்தது என்பதும் அதன் வெற்றிக்கு ஒரு காரணம்.

நம் வீட்டுப் பயற்றைத் துளைப்பதும் இதே வண்டும் அதன் நெருங்கிய இனமும்தான். தென் தமிழ்நாட்டில் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைக்கும் பெண்களின் பழைய முறையும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தானியப் பூச்சிப் பொறிகளும் அதற்கு எதிராக எழுந்தவையே. காய்ப்புழுவும் அசுவினியும் புதுக்கோட்டை வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்துக்குப் புதியவை அல்ல. காற்றுப் புகாத பை மட்டும் நம் ஊர்ப் பயறு உழவரிடம் இன்னும் பரவலாகப் போகவில்லை. சிறு, குறு உழவருக்குத் தார்ப்பாயும் தெளிப்பானும் மானியத்தில் கொடுக்கும் வேளாண்மைத் துறை, பயறு விளையும் வட்டாரங்களில் இந்தப் பையையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். பெரிய செலவு ஆகாது.

வயலிலோ இன்னும் ஒரு இடம் வெறுமையாகவே கிடக்கிறது. காய்ப்புழுவுக்கு மரபணுவும் குளவியும் வைரஸும் இருக்கின்றன. வண்டுக்குப் பை இருக்கிறது. அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் வேம்பு ஓரளவு கைகொடுக்கிறது. காய் நாவாய்ப்பூச்சிக்கு மட்டும் உள்ளூரில் அதன் முட்டையைத் தாக்கும் ஒரு சிறு குளவியைத் தவிர உழவர் கையில் நம்பத்தக்க ஆயுதம் எதுவும் இல்லை. காய்ப்புழுவுக்கான தெளிப்பு குறைந்தால், முன்பு அந்தத் தெளிப்பிலேயே சேர்ந்து செத்துக்கொண்டிருந்த நாவாய்ப்பூச்சி தப்பிப் பெருகவும் கூடும். தட்டைப்பயற்று ஆய்வுக்கு இனி வரும் பணத்தில் முதல் பங்கு இந்தப் பூச்சிக்குத்தான் போக வேண்டும்.